மூட்டையின் அடி பார்க்கும் சீனுவாசன்

மேலே இருக்கும் நோட்டீஸை சீனுவாசன் வாங்குவதில்லை. விழுப்புரத்தில் ஒரு நீட் பயிற்சி நிலையத்தின் மேசைமேல் 'கோடைச் சிறப்பு வகுப்பு' என்று அச்சடித்த தாள்கள் கட்டாக இருக்கின்றன. மேசைக்குப் பின்னால் இருக்கும் பெண் மேல் தாளை எடுத்து நீட்டுகிறாள். அவர் அதைக் கண்டுகொள்ளாமல், கட்டின் அடியில் விரலை நுழைத்துக் கடைசித் தாளை உருவுகிறார். பிறகு அவள் கையில் இருப்பதையும் வாங்கி, இரண்டையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்து வரி வரியாகப் பார்க்கிறார்.

"எல்லாம் ஒண்ணுதாங்க சார்."

"ஒண்ணுதாம்மா. இருந்தாலும் பாத்துக்கினா நல்லது."

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வாங்கி விற்கும் ஒரு மண்டி முதலாளிக்குச் சரக்குப் பார்த்துச் சொல்வது அவருடைய தொழில். மூட்டையின் வாயை அவிழ்த்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கை மறையும்வரை உள்ளே விடுவார். அடியில் கிடப்பதில் ஒரு பிடி வெளியே வரும். ஒரு காயைக் காதோரம் ஆட்டிக் கேட்பார். உடைத்து, பருப்பைத் தோலோடு மென்று, துப்பிவிட்டு, "ஈரம்" என்றோ "எடுத்துக்கலாம்" என்றோ சொல்வார். முதல் பிடியிலேயே பிடிக்காத மூட்டையை அதோடு தள்ளிவிடுவார். பிடித்த மூட்டைக்குத்தான் இன்னொரு கை. சீனுவாசன் ஒரு மூட்டையில் இரண்டாவது தரம் கை விட்டால், அந்தச் சரக்கு விலை போய்விட்டது என்று மூட்டை தூக்கும் ராயப்பன் தலையில் துண்டைச் சுருட்டத் தொடங்கிவிடுவார்.

"மேல இருக்கிறது நமக்குக் காட்டறதுக்கு வெச்சது. அடியில இருக்கிறதுதான் அவன் ஊட்டு சரக்கு" என்பது சீனுவாசன் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு.

மண்டியை விட்டு வெளியே வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. டீக்கடை பிஸ்கட் ஜாடியில் அடி பிஸ்கட்டுக்குத் துழாவும். மருந்துக் கடையில் அட்டையைத் திருப்பித் திருப்பித் தேதி தேடும். யாராவது கூடுதலாகச் சிரித்துப் பேசினால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். அவர் மனைவி கவிதா ஒரு கதை சொல்வார். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி எல்லாரும் கூடத்துல குந்திக்கினு கீறாங்க, மாப்பிள்ளைய மட்டும் காணோம். இன்னான்னு பாத்தா, தோட்டத்துல கெணத்துத் தண்ணிய மொண்டு குடிச்சிப் பாத்துக்கினு இருக்காரு. என் மூஞ்சியப் பாத்தது அதுக்கு அப்புறந்தான்."

இவர்களுடைய ஒரே மகள் கலைப்பிரியா இந்த மார்ச்சில் பிளஸ் ஒன் முடித்தாள். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது அவளே எடுத்த முடிவு. அடுத்த ஆண்டு பிளஸ் டூ பாடமே கழுத்தை நெரிக்கும். நீட்டுக்கு உட்கார்ந்து படிக்க இந்தக் கோடையை விட்டால் வேறு காலம் கிடையாது. அது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். தெரியாதது, எங்கே சேர்ப்பது என்பதுதான். படித்த குடும்பம் என்றால் ஒரு சித்தப்பாவுக்கு போன் போட்டு விசாரித்திருப்பார்கள். ஒரு வீட்டிலிருந்து முதல் ஆள் கிளம்பும்போது கேட்பதற்கு யாரும் இருப்பதில்லை. பெற்றவர்களிடம் இருப்பது சந்தேகம் ஒன்றுதான். சீனுவாசனிடம் அது நிறையவே இருந்தது.

ஏப்ரல் முழுக்க அவர் பயிற்சி நிலையங்களை அளந்தார். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகள் வாத்தியாரைப் பற்றி என்ன பேசிக்கொண்டு போகிறார்கள் என்று காது கொடுத்தார். விடுதிச் சாம்பாரைக் கேட்டு வாங்கிக் குடித்தார். ஒரு நிலையத்தின் பிளெக்ஸில் 'எங்கள் மாணவி' என்று சிரித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு வளவனூர் என்று ஊர் போட்டிருந்தது. மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு வளவனூர் போய், தெருத் தெருவாக விசாரித்து, அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அங்கியா? நான் அங்க படிக்கலியே அங்கிள். ஒரு நாளு ப்ரீயா டெஸ்ட் வெச்சாங்க, போய் எழுதினேன். போட்டோ எடுத்தாங்க, ஒரு பேனா குடுத்தாங்க."

"பேனாவாவது எழுதுச்சாம்மா?"

"இல்ல அங்கிள்."

அன்று மாலை மண்டியில் அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை ராயப்பன் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். "சேக்கறதுக்கு எடம் கெடைக்கல, ஆனா மனுசனுக்கு அவ்ளோ சந்தோசம்."

கடைசியில் விழுப்புரத்திலேயே ஒரு சின்ன நிலையம் அவருக்குப் பிடித்தது. அதன் விடுதிக் காப்பாளர் சிரிக்காதவர் என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம், "பையெல்லாம் சோதனை போடுவீங்களா?" என்று இவர் கேட்டதற்கு அந்த அம்மாள் சொன்ன பதில்.

"அடி வரைக்கும் கை விட்டுப் பாத்துட்டுத்தான் உள்ள வுடுவேன். போன் கீன் இருந்துச்சின்னா அன்னிக்கே ஊட்டுக்குத் திருப்பி அனுப்பிடுவேன். அப்பறம் யார் சிபாரிசும் எடுபடாது."

தன் சாதிக்காரரைக் கண்டதுபோல் சீனுவாசனுக்கு மனம் குளிர்ந்தது.

எல்லாம் கூடி வந்த இடத்தில்தான் அவர் கை சும்மா இருக்காமல் போனது. பள்ளியில் நீட் மாதிரித் தேர்வு ஒன்று வைத்தார்கள். கலைப்பிரியா முந்நூறைத் தாண்டியிருந்தாள். வகுப்பில் வேறு யாரும் இருநூறைத் தொடவில்லை. தாளை வாங்கிப் பார்த்த சீனுவாசனுக்குச் சந்தோஷம் நெஞ்சு வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது. நம் வீட்டில் இவ்வளவா? பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது? மறுநாள் மகளையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய், இயற்பியல் எடுக்கும் ரோஜா டீச்சர் முன் நின்றார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. வேற கேள்வித்தாளு குடுத்து, தனியா குந்த வெச்சி, இன்னொரு கை பாத்துடலாங்களா?"

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் பேனாவை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குள் போய் உட்கார்ந்தாள். மூன்று மணி நேரத்துக்கு மேல் தன்னந்தனியாக எழுதினாள். சீனுவாசன் வாசலில், வேப்ப மரத்தடியில், காய் உடைக்கும் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு நின்றார். திருத்தி முடித்து டீச்சர் சொன்னார்: "போன வாட்டிய விட நாலு மார்க் கூடத்தாங்க எடுத்திருக்கா. போதுமா?"

அவர் மண்டிக்குப் பறந்தார். "ரெண்டாவது கையும் அதே சரக்குடா ராயப்பா!" ராயப்பனுக்கு அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று தெரியும். வீட்டில் அது எடுபடவில்லை. வாங்கிவந்த அல்வாப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

"நான் இன்னா மல்லாட்டையாப்பா?" என்றாள் கலைப்பிரியா.

"நல்ல சரக்குக்குத்தான் பாப்பா நான் ரெண்டாந்தரம் கை வுடுவேன்."

"போதும்ப்பா. எந்த கிளாஸுக்கும் நான் போவல. எல்லாத்தையும் விசாரிச்சிக்கினு வந்தல்ல, நீயே போய்ப் படி."

மே பிறந்தது. விழுப்புரத்தில் வகுப்பு தொடங்க நாள் நெருங்கிவிட்டது. வீட்டில் பேச்சு வார்த்தை கவிதா வழியாகத்தான் போய் வந்தது. சீனுவாசன் மண்டியில் உடைத்த காயை மெல்லாமலே துப்பினார். ஈரச் சரக்கை "எடுத்துக்கலாம்" என்று சொல்லி முதலாளியிடம் ஒரு நாள் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு காலை, சாப்பாட்டுத் தட்டு முன் உட்கார்ந்தவரைப் பார்த்து மகளே வாயைத் திறந்தாள்.

"போறேன். ஆனா என்னை இன்னொரு வாட்டி சோதிச்சிப் பாக்கக் கூடாது. அங்க வந்து ஒரு கேள்வி கேக்கக் கூடாது. ஆஸ்டல் வாசல் வரைக்கும் வந்து வுட்டுட்டுத் திரும்பிடணும்."

"சரி."

"சத்தியமா?"

"சரின்னேன்ல."

கிளம்பும் நாள் பையைத் தூக்கி வண்டியில் வைக்கும்போது, துணியின் அடியில் தட்டையாக, கெட்டியாக ஏதோ விரலில் இடித்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. முகம் மட்டும் கேட்டுவிட்டது போலிருக்கிறது.

"ஜாமெட்ரி பாக்ஸு" என்றாள் கலைப்பிரியா.

திண்டிவனத்திலிருந்து பஸ் கிளம்பியது. நீட் பரீட்சைக்கு எதற்கு ஜாமெட்ரி பாக்ஸ்? விடைத்தாளில் சின்னச் சின்ன வட்டத்தைக் கருப்பாக்குகிற பரீட்சை. எழுதுகிற பேனாவைக்கூடப் பரீட்சை ஹாலிலேயே கொடுப்பார்கள். ஏப்ரல் முழுக்க அலைந்து அவர் கற்றுவைத்ததில் அதுவும் ஒன்று. காம்பஸ் வைத்து வட்டம் போடப் போகிறாளா? விடுதி அம்மாள் சொன்ன 'போன் கீன்' நினைவுக்கு வந்தது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் நின்றபோது மகள் ஜன்னலோரம் தூங்கிப்போயிருந்தாள். பை அவர் காலடியில் கிடந்தது. ஜிப் ஒரு சாண் திறந்துதான் இருந்தது. சீனுவாசன் வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். விழுப்புரம் வரும்வரை எடுக்கவில்லை.

விடுதி வாசலில் மேசை போட்டு அந்தச் சிரிக்காத அம்மாள் உட்கார்ந்திருந்தார். முன்னால் நின்ற பிள்ளைகளின் பைகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. சொன்ன சொல் மாறாமல், முழங்கை மறையும்வரை கை உள்ளே போய், உள்பாவாடை முதற்கொண்டு எல்லாம் மேலே வந்தன. நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். கலைப்பிரியாவின் முறை வந்தது. அவளும் தரையைப் பார்த்தாள். ஆய்வகத்துக்குள் பேனாவோடு போன அன்று இருந்த அதே முகம்.

அந்த அம்மாள் ஜிப்பை இழுக்கக் கையை நீட்டினார். அதற்குள் பையின் வாய்மேல் இன்னொரு கை வந்து விழுந்திருந்தது.

"வாயால கேளுங்கம்மா. அவ சொல்லுவா."

"நீங்கதான சார் அன்னிக்கி அடி வரைக்கும் பாப்பீங்களான்னு கேட்டீங்க? பாக்க வுடலன்னா உள்ள சேக்க முடியாது, திருப்பிக் கூட்டிக்கினு போய்டுங்க."

"கேளுங்கம்மா."

பின்னால் நின்ற பெற்றோர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் சீனுவாசனை ஒரு முறையும் பெண்ணை ஒரு முறையும் பார்த்துவிட்டு, பையை மேலோட்டமாகத் தட்டிப் பார்த்தார். விரல் கெட்டியான இடத்தில் நின்றது.

"இது இன்னாது?"

கலைப்பிரியா தலையை நிமிர்த்தினாள். அவள் வாய் திறக்குமுன் சீனுவாசன் பதில் சொல்லிவிட்டார்.

"ஜாமெட்ரி பாக்ஸுங்க."

ஜிப்பின்மேல் விரித்திருந்த கையை அவர் எடுக்கவில்லை.