யாரும் பந்து தராத ஆள்

மாடிப்படியில் பின்பக்கமாகவே இறங்கிக்கொண்டிருக்கிறார் கண்ணாடிக்கடைக்காரர். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, தெருவுக்கு முதுகைக் காட்டியபடி, ஒவ்வொரு படியாக. கீழ்வீட்டுக்காரர் கேட்டால், "பயிற்சி சார். ரெஃப்ரின்னா பின்னாலயும் ஓடத் தெரியணும்" என்பார். பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நேராக இறங்கினால் வலது முழங்கால் உயிரை வாங்கிவிடும் என்பதுதான் முழு உண்மை. அது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். "ஊரையே ஏமாத்துங்க. தைலம் தேய்க்கிற என்னை ஏமாத்த முடியாது" என்பாள்.

வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடி விற்கிறவர், விடுமுறை நாளில் கால்பந்து நடுவர். வேறு வினையே வேண்டாம். "யோவ் ரெஃப்ரி, கண்ணாடி போடுய்யா!" என்று வெளியிலிருந்து எவனாவது கத்தாத ஆட்டமே கிடையாது. "கடைக்கு வாப்பா, உனக்கு ஒண்ணு மாட்டிவிடறேன்" என்று ஓடிக்கொண்டே பதில் கொடுப்பார். கண்ணில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. வம்பெல்லாம் காலில்தான்.

பார்க்கிறவர்களுக்கு இது சும்மா கையை நீட்டுகிற வேலை. செய்து பார்த்தால் அல்லவா தெரியும்! பந்து அந்தப் பக்கம் போய்விட்டால் ஆட்டக்காரன் இடுப்பில் கைவைத்து மூச்சு விடலாம். இவர் விட முடியாது. பந்து போகிற பக்கமெல்லாம் போக வேண்டும், ஆனால் யார் வழியிலும் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் ஓட வேண்டும், பின்னால் ஓட வேண்டும், தன் மகன் வயதுப் பிள்ளைகள் சட்டென்று திரும்பிப் பாய்ந்தால் கூடவே பாயவும் வேண்டும். "அத்தனை பேரோடயும் ஓடறேன், எனக்கு மட்டும் ஒருத்தனும் பந்து தரமாட்டேங்கறான்" என்று சிரிப்பார். பக்கத்தில் நின்று தப்பாக ஊதினாலும் முனகிவிட்டுப் போவார்களாம். தூரத்தில் நின்று சரியாக ஊதினால் அடிக்க வருவார்களாம்.

இந்தப் பருவம் தொடங்கும்போதே நடுவர் சங்கச் செயலாளர் நயமாகச் சொல்லிப் பார்த்தார். "அடுத்த வருஷம் மேசையில உக்காந்து மேற்பார்வை பாருங்களேன் சார்." மனிதருக்கு வந்ததே கோபம்! "மேசைக்குப் பின்னால உக்கார எனக்குக் கடை இருக்கு" என்று எழுந்து வந்துவிட்டார். மைதானத்தை விட்டால் எனக்கு வேறு என்னதான் இருக்கிறது என்று வீட்டில் வந்து புலம்பினார். மனைவிக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "ஏன், நான் இல்லையா?" என்றாள்.

போன வாரம் அரையிறுதி. எப்போதும் விசிலைக் கையில்தான் வைத்திருப்பார். அன்று கால் பின்தங்கிக்கொண்டே இருந்தது. போய்ச் சேரத்தான் நேரமாகிறது, ஊதவாவது நேரமாகக் கூடாது என்று வாயிலேயே கவ்விக்கொண்டார். ஆட்டம் முடியப் போகிற சமயம், ஒருவன் பந்தோடு தனியாகப் பாய்ந்தான். இவர் இரைக்க இரைக்கப் பின்னால் ஓடினார். அடக்க முடியாமல் வந்த மூச்சில் விசில் கீச்சென்று அலறிவிட்டது.

கோல்கீப்பர் அப்படியே நின்றுவிட்டான். பந்து வலைக்குள் போனது. விசில் ஒலித்த பிறகு அந்தக் கோல் செல்லாது.

"என்ன ஃபவுல் சார்? யார் பண்ணாங்க?" என்று சூழ்ந்துகொண்டார்கள். வாய்க்கு வந்த ஒரு தப்பைச் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுக் கலைந்திருப்பார்கள். அவர் முழங்காலில் கையூன்றிக் குனிந்து, பேச்சு வரும்வரை காத்திருந்தார்.

"யாரும் ஒண்ணும் பண்ணலப்பா. மூச்சு வாங்கி நான்தான் ஊதிட்டேன். தப்பு என்னோடது."

கோல் போட்டவன் தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டான். அவனைப் பார்க்க இவருக்குத் தாங்கவில்லை. கோட்டுக்கு வெளியே இருந்த மாற்று நடுவர் பக்கம் திரும்பினார்.

"என்னண்ணே?" என்று அந்தப் பெண் பதறி எழுந்தாள்.

ஆட்டக்காரரை மாற்றச் சொல்லும்போது காட்டுகிற மாதிரி, இரண்டு கைகளையும் ஒன்றையொன்று சுற்றிக் காட்டினார். எந்த ஆட்டக்காரரை என்று தெரியாமல் அவள் மைதானத்தைப் பார்த்தாள்.

அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.