சிமெண்டு மீசை

போரில் இறந்த என் நண்பனுக்கு எங்கள் தெருமுனையில் சிலை வைத்தார்கள். எங்கள் தெருவின் முதல் பட்டதாரி நான், முதல் சிப்பாய் அவன். பட்டாளத்துக்குப் போகும்வரை வெல்டிங் பட்டறையில் கேட் செய்துகொண்டிருந்தான். முகத்தில் ஒரு முடிகூட முளைக்காததால் பட்டறையில் அவன் பெயரே ‘பாப்பா’தான்.

திரையை விலக்கினார்கள். சிலைக்கு முறுக்கு மீசை!

“யாருய்யா இது?” என்றாள் அவன் அக்கா. கொத்து வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள்.

“மீசை இல்லாம வீரன்னா எவன்மா நம்புவான்?” என்றார் சிலை வைத்த மில் முதலாளி, தன் மீசையைத் தடவியபடி.

“மீசை முளைக்கறதுக்குள்ள வீராவேசம் பேசி அனுப்பிட்டு, இப்ப சிமெண்டுல முளைக்க வைக்கிறீங்களா? உம்ம புள்ளைக்குத்தான் நல்லா முளைச்சிருக்கே, அவனை அனுப்ப வேண்டியதுதானே!”

அவள் பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு பீடத்தில் ஏறினாள். முதலாளியின் ஆட்கள் பாய்ந்தார்கள்.

“கிட்ட வந்தீங்க, அடுத்தது உங்க முதலாளி மீசைதான்!”

நான் அவர்களுக்குக் குறுக்கே போய் நின்றேன். மீசை பெயர்ந்து விழுந்தது. மேலுதட்டிலும் ஒரு சில்லு போயிற்று.

“சிலை வச்சது நான்!” என்று கத்தினார் முதலாளி.

“செத்தது என் தம்பி” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.