இடது ஓரத்தில் ஒரு வெள்ளை

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் கல்யாணமோ சடங்கோ, படம் எடுக்கப் பிரேமினிதான் வரவேண்டும். மூடுபனியில் கட்டுகிற சேலையே பூஞ்சணம் பிடிக்கிற ஊர். அதனால் கேமராவையும் சேலைகளோடு அலுமாரியில் வைத்து, சுற்றிலும் பூச்சி உருண்டைகளை அள்ளிப் போட்டுவைப்பாள்.

போன மழைக்குப் பிறகு அவள் எடுத்த படங்களிலெல்லாம் இடது ஓரத்தில் வெள்ளையாக ஏதோ நின்றது. ஆள் உயரம், தலை சற்றுச் சாய்ந்த மாதிரி.

"மண்சரிவுல போன பேச்சியம்மாதான் வந்து நிக்கிறாங்க," என்றார்கள் லயத்தில். தாய்மார் வேலைக்குப் போகையில் விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் எல்லார் குழந்தைகளையும் தூக்கி வளர்த்தவள் பேச்சியம்மா. அதிலிருந்து படத்துக்கு நிற்கிறவர்கள் அந்த இடது ஓரத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டே நின்றார்கள். பிரேமினிக்கு எரிச்சல் தாங்கவில்லை.

ஹட்டனில் கேமரா பழுதுபார்க்கும் சரிபுதீன் நானா, லென்ஸை மோந்து பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார்.

"பூச்சி உருண்டையோடயா வச்சீங்க தங்கச்சி? அந்த மருந்துதான் கண்ணாடியில படிஞ்சு கெடக்கு. இனிமே தனியா, காத்துப் புகாத டப்பாவுல வைங்க."

துடைத்துக் கொடுத்தார். அடுத்த வாரமே ஒரு காதுகுத்துக்குப் போய்ப் படம் எடுத்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது ஓரம் பளிச்சென்று இருந்தது, வெள்ளையைக் காணோம். பிரேமினி சிரித்தாள்.

பிறகுதான் கவனித்தாள். படத்தில் எல்லாரும் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களுக்குப் பழக்கதோஷம் என்று விட்டுவிடலாம். ஆனால் மடியிலிருந்த கைக்குழந்தையும் அங்கேதான் பார்த்துச் சிரித்தது. தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டியிருந்தது.