காலை பத்து மணிக் கொலை

பத்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொள்கிறார். பத்து விரல்களிலும் சொடக்கு எடுக்கிறார். கணினித் திரையில் ஓடிக்கொண்டிருக்கும் நூற்றுச் சொச்சம் நிரல்களில் ஒன்றைக் குத்துமதிப்பாகத் தொட்டு, "இன்னைக்கு நீதாண்டா" என்கிறார். ஒரே வரிக் கட்டளை, ஆள் காலி. பிறகு வாய்விட்டு எண்ணத் தொடங்குகிறார். "ஒண்ணு... ரெண்டு... மூணு." செத்த இடத்தில் அதே நிரலின் புதுப்பிரதி பச்சை விளக்கோடு எழுந்து நிற்கிறது. "வந்துட்டான் பாரு!" என்று மேசையில் ஓங்கி ஒரு தட்டு. பக்கத்து இருக்கையில் என் காபி தளும்புகிறது.

பேருந்து முன்பதிவு செய்துதரும் எங்கள் அலுவலகத்தில் இவருக்குக் 'கொலைகார அக்கா' என்று பெயர். கோபித்துக்கொள்ள மாட்டார். நிரல்களை மேகக்கணினியில் பிரதி பிரதியாக ஓடவிட்டு, ஒன்று விழுந்தால் இன்னொன்றை எழுப்பும் கருவியை இங்கே கொண்டுவந்து நிறுத்தியவர் இவர்தான். ஐந்து வருட உழைப்பு. "அதுவா விழறதுக்குள்ள நாமளே தள்ளிவிட்டுப் பாத்துடணும். எந்திரிக்குமான்னு தெரியாம எப்படி நிம்மதியா இருக்கறது?" என்பார். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர் காலையில் இவரை வாசலில் இறக்கிவிடும்போது, "இன்னைக்கு யாரு?" என்று ஒரு தினுசாகக் கேட்டுவிட்டுத்தான் வண்டியைத் திருப்புவார்.

இப்படிப்பட்டவரை ஏழு மாதமாக ஒரு எண் படுத்தி எடுத்தது. முப்பத்திமூன்று. எப்போதெல்லாம் புதுப் பதிப்பு ஏற்றுகிறோமோ, அப்போதெல்லாம் இருக்கைகளைப் பார்த்துக்கொள்ளும் நிரல் முப்பத்திமூன்று நொடி மூச்சற்றுக் கிடந்தது. ஜன்னலோர இருக்கையைத் தொட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் எங்களைச் சபித்துவிட்டுப் போட்டிக் கம்பெனிக்குப் போனார்கள். அக்கா வலைப்பின்னலைச் சந்தேகப்பட்டார், தரவுக்கிடங்கைச் சந்தேகப்பட்டார். திரும்ப எழுவதில் மட்டும் குறையே இல்லை என்று அடித்துச் சொன்னார். தினமும் தன் கண்ணால் பார்க்கிறாரே, மூன்றே நொடி!

இந்தக் கருவியைப் பயன்படுத்துகிறவர்களின் வருடாந்தர மாநாடு வந்தது. அக்கா போகக் கேட்டார். மேலாளர் முகத்தைச் சுளித்தார். "பேச்செல்லாம் வீடியோவா வந்துடுமே. அதுக்கு எதுக்கு மூணு நாள்?"

"மேடையில ஜெயிச்ச கதை சொல்வாங்க சார். காபி வரிசையில தோத்த கதை சொல்வாங்க. எனக்குத் தோத்த கதைதான் வேணும்."

"சரி, போங்க. ஆனா அந்த முப்பத்திமூணுக்குப் பதில் இல்லாம வந்தீங்கன்னா உங்க கருவியைத் தூக்கிட்டு எல்லாத்தையும் பழைய முறைக்கே மாத்திடலாம்."

அன்று அக்கா யாரிடமும் முகங்கொடுத்துப் பேசவில்லை. எனக்கே பயமாக இருந்தது.

மாநாட்டைப் பற்றிக் குறிப்பெழுத என்னையும் அனுப்பினார்கள். ஆயிரம் பேர், பத்து அரங்குகள். அக்கா ஒரு அரங்குக்குள்ளும் கால் வைக்கவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் தன் பெயருக்குக் கீழே தடித்த மையால், '33 நொடி. காரணம் தெரிந்தால் என்னை நிறுத்துங்கள்' என்று எழுதிக்கொண்டு, காபி வரிசையில் நின்றார். வாங்கினார், குடித்தார், மறுபடி கடைசியில் போய் நின்றார். முதல் நாள் ஒன்பது காபி. நானாக இருந்தால் ஆஸ்பத்திரியில் கிடந்திருப்பேன்.

இரண்டாம் நாள், கையில் பிஸ்கட்டோடு ஒரு பெண் நின்று அட்டையைப் படித்தார். போட்டிக் கம்பெனிக்காரர்! அக்கா துளியும் கூச்சமில்லாமல் காகிதத்தை விரித்துப் படம் போட்டுக் காட்டினார்.

"தினமும் எப்படிக் கொல்றீங்க?"

"ஒரே போடு."

"அதான் மூணு நொடி. புதுப் பதிப்பு ஏத்தறப்ப கருவி அப்படிக் கொல்லாதுங்க. 'முடிச்சிட்டுக் கிளம்பு'ன்னு மரியாதையா சொல்லும். முப்பது நொடி பொறுக்கும். அப்பவும் கிளம்பலன்னாத்தான் கழுத்தைப் பிடிக்கும். அது போனப்புறம்தான் புதுசு உள்ள வரும், அதுக்கு மூணு. உங்க ஆளு கிளம்பறதே இல்ல."

"ஏன் கிளம்பல?"

"காதுல விழுந்தாத்தானே! நிரலைத் தொடங்கி வைக்க வாசல்ல ஒரு ஸ்கிரிப்ட் நிக்குதில்ல? சேதி அதுகிட்ட வரும். வாங்கி வச்சுக்கும், உள்ள சொல்லாது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பதினோரு மாசம் ஆச்சு."

அக்கா நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார். "அஞ்சு வருஷமா தினம் ஒண்ணு கொன்னேன். ஒருத்தனையாவது சொல்லி அனுப்பினேனா!"

அடுத்த கணம் அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துவிட்டார். பிஸ்கட் தூளாகிவிட்டது. நானும் காரணமில்லாமல் கைதட்டினேன். பிறகு நடைபாதையில், மின்செருகிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். வாசல்காரனுக்குச் சேதியை உள்ளே சொல்லக் கற்றுக்கொடுக்க அவருக்கு ஒரே ஒரு வரிதான் தேவைப்பட்டது.

திங்கட்கிழமை. பத்தடிக்க இரண்டு நிமிடம். மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். அக்கா கண்ணாடியைத் துடைத்தார், சொடக்கு எடுத்தார். இந்த முறை இருக்கை நிரலுக்கு ஒரே போடு இல்லை, மரியாதையான கட்டளை. பழைய விளக்கு உடனே அணைந்தது. "ஒண்ணு... ரெண்டு... மூணு." பச்சை!

மேலாளரின் கட்டிய கைகள் அவிழ்ந்தன. "இன்னொரு தரம் பண்ணுங்க" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

அக்கா அடுத்ததைத் தொட்டார். "இன்னைக்கு நீதாண்டா" என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "போயிட்டு வா" என்றார். மேசையைத் தட்டும் அந்த வலக்கையைத் தூக்கி, திரையைப் பார்த்து மெதுவாக ஆட்டினார்.