முனுசாமி அண்ணனின் வயிறும் என் இட்லிக் கடையும்

ஊரில் யாருக்கு வயிறு வலித்தாலும் இட்லிக் கடைக்காரிக்குத்தான் முதலில் வயிறு கலங்கும். பெருநகர் என்கிற எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் கடை வைத்திருக்கிறேன். பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இது பெரிய நோயின் கதை. தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எழுதும்போதே பயமாக இருக்கிறது. அடுப்புப் புகையில் கண் எரிய நிற்கிறவர்களே, உங்களுக்காவது என் பாடு புரியும்.

பழி

முனுசாமி அண்ணன் நெல் மூட்டை தூக்குகிறவர். பீடி பற்றவைக்க என் அடுப்புக் கொள்ளியைத்தான் கேட்பார். நுரையீரலில் புற்றுநோய் என்று செங்கல்பட்டில் வைத்தியம் பார்த்துத் திரும்பியிருந்தார். ஒரு காலை இரண்டு இட்லி சாப்பிட்டவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடை வாசலிலேயே வாந்தி எடுத்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவர் மனைவி கஸ்தூரி அண்ணி ஓடி வந்து கத்தினாள்.

“நெஞ்சு நோவுக்காரருக்கு வயிறு ஏன்டி புடுங்குது? இன்னா மாவுடி ஆட்டி வச்ச நீ?”

சோதனை

அந்த மாவை நானும், எனக்குச் சட்னி அரைக்கும் வள்ளியும் சுட்டுத் தின்றோம். எங்கே வலி வருமோ என்று அன்று முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மீதி மாவைக் கொட்டி, குண்டானைப் புளி போட்டுத் தேய்த்தேன். மறுநாள் பாதிப் பேர் வரவில்லை. வழக்கமாக வரும் கண்டக்டர் மட்டும் வந்தார். தட்டை வாங்கி என் பக்கமே நீட்டினார்.

“யக்கா, மொதல்ல நீ ஒண்ணு துன்னு காட்டு.”

டாக்டர் சொன்னது

அண்ணனுக்கு வலி நிற்கவில்லை. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. ஆள் வெளுத்துப்போனார். மறுபடி செங்கல்பட்டு. துணைக்கு நானும் போனேன். துணைக்கு என்பது பாதிதான். டாக்டர் என் கடைப் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்கிற பயம் மீதி. எல்லாச் சோதனையும் முடிந்து அவர் சொன்னார். நெஞ்சில் இருந்த நோய்தான் ரத்தத்தோடு போய்ச் சிறுகுடலில் உட்கார்ந்திருக்கிறது, அங்கேதான் ரத்தம் கசிகிறது. எப்போதாவது சிலருக்கு இப்படி வரும், சாப்பாட்டால் வந்ததில்லை.

எனக்கு மூச்சு வந்தது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

“உன் மாவாலயே வந்திருக்கக் கூடாதாடி?”

தனி டம்ளர்

பிறகு குடலில் அடைப்பும் வந்து, அதற்கு ஆபரேஷன் முடிந்து அண்ணன் ஒருநாள் மெல்ல நடந்து கடைக்கு வந்தார். வள்ளி அவருக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் வைத்தாள். தொட்டால் ஒட்டும் நோயில்லை என்று டாக்டர் சொன்னதை நானே அவளிடம் சொல்லியிருந்தேன். இருந்தும் அந்த டம்ளரை மாற்ற என் கை நீளவில்லை. அப்போது பார்த்து எனக்கு இருமல் வந்தது. மாசக்கணக்கில் இருக்கும் இருமல். புகை என்று சொல்லிச் சமாளித்துவந்தேன். கூடவே வயிற்றில் ஒரு எரிச்சல். அதை யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் டம்ளரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“எனக்குத் தனி டம்ளர் வச்சிட்ட, சரி. ஒன் இருமலுக்கு இன்னா வச்சிக்கினு கீற?”

படம்

அந்த வாரமே கடையைப் பூட்டிவிட்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தேன். முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை. கட்டி இல்லை, புகையால் மூச்சுக்குழாய் கெட்டிருக்கிறது, வயிற்று எரிச்சல் வேளைக்குச் சாப்பிடாததால் வந்தது என்றார்கள். மறுபடி வந்து காட்டச் சொன்னார்கள். விறகடுப்பை உடைத்துவிட்டு கேஸ் அடுப்பு வைத்தேன். பீடி பிடிக்கிறவர்களுக்கு இனி சாலைக்கு அந்தப் பக்கம்தான் இடம்.

அண்ணனுக்கு இப்போது கஞ்சிதான். கேட்டாரே என்று ஒரு இட்லியைக் கரைத்து வீட்டுக்கே கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

“பொகை வாசனை போச்சு, நீயும் இருமல. நான் எதைம்மா கொறை சொல்றது?”

ஊராருக்கு வயிறு வலித்ததற்குப் பயந்து செங்கல்பட்டு வரை ஓடிய நான் என் நெஞ்சுக்காக ஒரே ஒரு நாள் கடையைப் பூட்டினேன், காலை நாஷ்டா கிடைக்காமல் பேஜாராகிவிட்டது என்று அதற்கும் கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன்.