எழுபத்தொரு கிலோக் கொழுந்து

கலஹாவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் கீழ்ப்பிரிவில் இராஜகுமாரி பேர் பதிந்தபோது அவளுக்கு வயது பதினெட்டு. செக்றோல் என்ற வேலையாள் பதிவேட்டில் அவள் இலக்கம் இருநூற்றுப் பதினான்கு. அடுத்த இருபத்தாறு ஆண்டுகளில், இரண்டு பிரசவங்களையும் கணவனின் சாவையும் விட்டுவிட்டால், அவள் வேலைக்கு வராத நாட்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். கைவேகம் உள்ளவள். கொழுந்து நன்றாக வரும் காலத்தில் நாளொன்றுக்கு இருபத்தெட்டுக் கிலோ, மழைக்காலத்தில் இருபத்து மூன்று. அடையாள அட்டைக்கு எடுத்ததைத் தவிர அவளைத் தனியாக யாரும் படம் எடுத்ததில்லை.

பதினெட்டுக் கிலோ பறித்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். ஆறு மாதத்துக்குள் இருபது அரைப்பேர் விழுந்தவளின் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டுண்டால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போய்விடும். அவர்களுடைய கூட்டத்தில் இருபத்து மூன்று பெண்கள். அவர்களில் மேபலுக்கு இருதயத்தில் வால்வு பழுது. பதினைந்துக்கு மேல் அவளால் பறிக்க முடியாது. ஆகவே பின்னேரம் நிறுவைக்கு முன்பு யாராவது ஒருத்தி இரண்டு மூன்று கிலோவை அள்ளி மேபலின் படங்குச் சாக்கில் போட்டுவிடுவாள். யார் முறை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, யாரும் மறந்ததுமில்லை. ஒருவர் கொழுந்தை மற்றவர் இலக்கத்தில் நிறுப்பது தோட்டச் சட்டப்படி குற்றம். கணக்கப்பிள்ளை நடராஜாவுக்கு எல்லாம் தெரியும். மொத்த எடை சரியாக இருந்தால் அவருக்குப் போதும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கல்யாணம் வைத்திருக்கும் வீட்டுப் பெண்ணுக்கு, அதற்கு முந்திய வாரத்தில் ஒரு நாள், கூட்டத்திலுள்ள எல்லோரும் ஆளுக்கு இரண்டு கிலோ போடுவார்கள். அதைக் கொழுந்து மொய் என்பார்கள்.

2024 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. இராஜகுமாரியின் மகள் நிஷாந்தினியைக் குண்டசாலையில் கட்டிக் கொடுப்பதற்கு ஒரு கிழமை இருந்தது. இருபத்தொரு பெண்கள் தலைக்கு இரண்டு கிலோ போட்டார்கள். மேபல் கடைசியாக வந்தாள்.

"ஒனக்கெதுக்கு மேபலக்கா? ஒன் சாக்குல இருக்கிறதே நாங்க போட்டதுதானே" என்றாள் இராஜகுமாரி.

"பேசாமப் பிடி. மேபல், ஒரு கிலோன்னு எழுதிக்க. மிச்சத்தக் கல்யாணத்தன்னைக்குச் சாப்பிட்டுக் கழிச்சுக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தராசு எழுபத்தொரு கிலோ என்று துண்டுச் சீட்டு அடித்தது.

இராஜகுமாரியின் அண்ணன் மகன் துஷாந்த், கல்யாண வேலைக்காக அன்று வந்திருந்தான். கண்டியில் போன் திருத்தும் கடையில் வேலை. 'கண்டித் துளிகள்' என்றொரு முகநூல் பக்கமும் நடத்திவந்தான். துண்டைப் பார்த்ததும் அத்தையைக் கூடையோடு நிற்கவைத்துப் படம் எடுத்தான்.

"அத்தை, இம்புட்டும் ஒங்க கையாலதான் பறிச்சீங்களா?"

பக்கத்தில் நடராஜா நின்றிருந்தார். பின்னால் கொழுந்து போட்ட பெண்கள் நின்றிருந்தார்கள்.

"பின்ன? ஒன் கையாலயா?" என்றாள்.

'உங்களுக்குத் தெரியுமா? கலஹாவைச் சேர்ந்த 44 வயதுத் தாய் ஒரே நாளில் 71 கிலோ கொழுந்து பறித்து வியப்பில் ஆழ்த்தியுள்ளார். பெருமையுடன் பகிருங்கள்.' நான்கு நாட்களில் அதை முப்பத்தோராயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். பிற பக்கங்கள் எடுத்துப் போட்டன. ஒன்றில் அவள் ஹட்டன்காரி. இன்னொன்றில் வயது அறுபத்திரண்டு. மூன்றாவதில் எடை நூற்றெழுபத்தொன்று. பேராதனை பஸ்ஸில் யாரோ எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. டுபாயில் இருக்கும் லயத்துப் பையன் ஒருவன், 'எங்கம்மா இருபது எடுக்கவே மூக்கால அழும்' என்று கீழே எழுதியிருந்ததை வாசித்துக் காட்டியபோதுகூடச் சிரித்தாள்.

மே 20, திங்கட்கிழமை காலை, வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டத் துரை வந்து நின்றார். கொழும்பிலிருந்து யாரோ அவருக்கு அந்தப் படத்தை அனுப்பியிருந்தார்கள்.

"இந்த அம்மாவுக்கு எழுபத்தொரு கிலோ ஏலும். மத்தவங்களுக்கு இருபத்தொன்னு ஏலாதா?" என்றார்.

அன்று முதல் ஒரு பேருக்கு இருபத்தொரு கிலோ. தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவர் அந்தப் படத்தைத் தம் பக்கத்திலும் வாழ்த்தோடு போட்டிருந்தார். அதனால் அவருக்கு வாய் திறக்க வழியில்லை. பெண்கள் இருபத்தொன்றை எட்டப் படாத பாடு பட்டார்கள். எட்டினார்கள். மேபலுக்குப் போடப் பல நாட்களில் யாரிடமும் மிச்சமிருக்கவில்லை. மே முடிவதற்குள் அவளுக்கு ஆறு அரைப்பேர்.

இராஜகுமாரி கண்டிக்குப் போனாள்.

"தம்பி, அத அழிச்சிடு."

"நா அழிச்சா மட்டும் போயிருமா அத்தை? ஊரு பூரா கெடக்கு."

"அது மொய்க் கொழுந்துன்னு எழுது."

துஷாந்த் கழற்றிய போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எழுதலாம். ஆனா போட்டவங்க அத்தனை பேரு பேரும் வெளிய வரும். பரவால்லையா?"

அவள் தோட்டத்துக்குப் பஸ் ஏறினாள்.

ஜூன் 14. யூடியூப் சனல்காரர்கள் இருவர், அந்தச் சாதனையை நேரலையில் காட்ட, துரையின் அனுமதியோடு வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. காலை ஏழு மணியிலிருந்து நாலரை மணிவரை கமெரா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. மதியம் அவள் சாப்பிடவில்லை. நகக்கண்ணில் இரத்தம் கசிந்தது. தராசு இருபத்தொன்பது கிலோ அறுநூறு காட்டியது. அவள் வாழ்நாளில் தனியாகப் பறித்ததில் அதுவே அதிகம். 'பொய்க்காரி' என்ற சொல் நேரலையின் கீழே நூற்றுக்கணக்கில் ஓடியது.

மறுநாள் ஒபிசில் துரையின் விசாரணை.

"மிச்சக் கொழுந்து எங்கருந்து வந்திச்சு?"

உண்மையைச் சொன்னால் இருபத்திரண்டு பேரும் மாட்டுவார்கள். சொல்லாவிட்டால் ஒவ்வொருத்தியாகக் கூப்பிடுவார்கள். சாதனை பொய்யென்று பதிவானால் இருபத்தொன்றும் பழையபடி பதினெட்டாகும் என்று அவள் நம்பினாள்.

"திருடுனேங்க."

"யாருட்ட?"

"எல்லாருட்டயும். சாக்க எறக்கி வச்சிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனப்ப."

கொழுந்தைப் பறிகொடுத்த ஒருத்தியாவது சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நடராஜா மேபலைக் கூட்டிவந்தார். இராஜகுமாரி அவளைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தாள். மேபல் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று வாரத்துக்கு வேலையிலிருந்து நிறுத்தம் என்று துரை எழுதினார்.

"ஐயா, அப்ப அந்த இருபத்தொன்னு?"

"அது வேற விஷயம். எல்லாரும் இப்ப எடுக்கிறாங்கதானே."

'71 கிலோ சாதனையின் பின்னால் அதிர்ச்சி: சக தொழிலாளரின் வயிற்றில் அடித்த பெண்.' அதே படத்தோடு அதையும் முதலில் போட்டது கண்டித் துளிகள்தான். முந்தியதைவிட மூன்று மடங்கு பேர் பகிர்ந்தார்கள். குண்டசாலையிலிருந்து நிஷாந்தினி குரற்பதிவு அனுப்பினாள்: "அம்மா, கொஞ்ச நாளைக்கு இங்க வராதீங்க. மாமி ஒரு மாதிரியா இருக்காங்க."

அந்த மூன்று வாரத்தில் லயத்தில் கதை இறுகிவிட்டது. முதலில் பெண்கள் வெளியாட்கள் கேட்டால் மட்டும் அவளைத் திருடி என்றார்கள். பிறகு தங்களுக்குள்ளும் சொல்லத் தொடங்கினார்கள். எந்தெந்த நாளில் சாக்கின் பாரம் குறைந்திருந்தது என்று ஒருத்திக்கொருத்தி நினைவூட்டிக்கொண்டார்கள்.

ஜூலை 8, திங்கட்கிழமை. இராஜகுமாரி கொழுந்து மலைக்குத் திரும்பினாள். அவளுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு தேயிலை நிரையை வெறுமையாக விட்டு நின்றார்கள். நிறுவைக் கொட்டிலில் நடராஜாவுக்குப் பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிய புது உத்தியோகத்தர் ஒருவர், தராசைக் கண்காணிக்க வந்திருந்தார். மேபலுக்கு அன்றுவரை பத்தொன்பது அரைப்பேர்; இன்னொன்று விழுந்தால் பேர் வெட்டு. பதினைந்தைத் தாண்டாதவள் அந்தப் பயத்தில் அன்று இளைப்பாறாமல் பறித்ததில், கீழுதட்டில் நீலம் பாரித்திருந்தது. அவளுடைய சாக்கைத் தூரத்திலிருந்து பார்த்தே இராஜகுமாரிக்கு எடை தெரிந்தது. இரண்டு கிலோ குறைவு.

புது உத்தியோகத்தர் போனை எடுத்துக் காதில் வைத்து மறுபக்கம் திரும்பினார். இராஜகுமாரி இரண்டு கைகளாலும் அள்ளிக்கொண்டு வரிசையில் முன்னே போனாள்.

"மேபலக்கா, வாயத் தெற."

மேபல் சாக்கின் வாயை முறுக்கி இறுகப் பிடித்தாள்.

"போ குமாரி. திருட்டுக் கொழுந்து எனக்கு வேணாம்."

மெல்லச் சொல்லியிருக்கலாம். கொட்டில் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். உத்தியோகத்தர் திரும்பிப் பார்த்தார். வரிசையில் யாரோ, "இன்னும் கை அடங்கல பாரு" என்றார்கள். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். இராஜகுமாரி கையிலிருந்ததைத் தன் சாக்குக்குள்ளேயே போட்டுக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனாள்.

நடராஜா தராசைப் பார்த்து வாசித்தார்.

"இலக்கம் நூத்தித் தொண்ணூறு, மேபல். பத்தொம்பது கிலோ இருநூறு. அரைப்பேர்."

இருபதாவது.