கப்பித்தானுக்கு ஊசி போட்ட பிலோமினா மச்சாள்

உப்புவெளியில் மகள் வீட்டுக் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. எட்டிப் பார்த்தால் சவிரிமுத்து அண்ணை. துறைமுகத்தடியில் எங்கட ஒழுங்கையில் இருக்கிறவர், லோஞ்சு ஓட்டுகிறவர். சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "அன்னம், பிலோமினா அக்கா மோசம் போயிட்டா" என்றார்.

எனக்கு உடனே அழுகை வரவில்லை. கையில் மீன் செதிலோடு நின்று, "சாப்பிட்டவவோ?" என்று கேட்டேன்.

வேறு ஆராவது என்றால் இவளுக்கு விசர் என்று நினைத்திருப்பார்கள். சவிரிமுத்து அண்ணைக்கு விளங்கினது. "ஓம் பிள்ளை. காலமை நீலம் எண்டு கத்தினவ. பிட்டுச் சாப்பிட்டு, ஊசியும் போட்டிட்டுத்தான் கதிரையில சாய்ஞ்சவ. நெஞ்சு நிண்டுபோச்சு எண்டு டொக்டர் சொல்லுறார்" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அழுதேன். அழும்போதும் மனதுக்குள் ஒரு பெருமை இருந்தது. இளம் வயதில் பிடித்த சீனி வருத்தம் தலை முழுக்க நரைத்த பிறகும் அவவை வெல்லவில்லை. கடைசிக் காலமையும் அவதான் வென்றா.

அவவின் நினைவுப் பூசைக்கு வருகிற உங்களுக்கெல்லாம் மச்சாளைத் தெரியும். என்ரை மனிசனின் தமக்கை. கலியாணம் செய்யாதவ. ஜெற்றியில் இருந்து லோஞ்சுகளுக்குத் தடித்த கன்வஸில் படங்கு தைத்தே வாழ்ந்தவ. தினமும் தன்ரை தொடையில் தானே இன்சுலின் ஊசி போடுவா. பயமில்லையோ என்று கேட்டால், "படங்கு ஊசி பிடிச்ச கைக்கு இதென்ன ஊசி, நுளம்புக்கடி" என்பா. ஆனால் ஒழுங்கைக்குப் பிந்தி வந்தவர்களுக்குக் கப்பித்தானின் கதை தெரியாது. அதை எழுதாமல் மச்சாளைப் பற்றி எழுத ஏலாது.

கப்பித்தான் ஒரு மஞ்சள் கடுவன் பூனை. ஏதோ ஒரு கப்பலில் இருந்து இறங்கி வந்து மச்சாளின் படங்குக் குவியலில் படுத்தது. கப்பல் போய்விட்டது, அது போகவில்லை. எந்த மதிலும் அதுக்கு மதிலில்லை. ஒழுங்கையில் அது களவெடுக்காத மீன்சட்டி இல்லை.

அப்படிப்பட்ட பூனை ஒரு வருசம் மெலியத் தொடங்கிவிட்டது. நல்லாய்த் தின்னும், ஆனால் எலும்பு தெரியும். கிணற்றடி வாளியை விட்டு எழும்பாமல் தண்ணீர் குடிக்கும். பிறகு பின்னங்கால் விழுந்தது. பாதத்தால் நடக்காமல் கணுக்கால் நிலத்தில் படத் தேய்த்துத் தேய்த்து நடந்தது. வயசு போய்விட்டது என்று எல்லாரும் சொன்னோம். மச்சாள் மட்டும் அது மூத்திரம் பெய்த மண்ணுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தா. எறும்பு மொய்த்திருந்தது.

"அன்னம், இந்த எறும்புகளை எனக்குத் தெரியும்" என்றா. "எனக்கு வருத்தம் பிடிச்ச நேரம் வந்த எறும்புகள்."

மண்ணை எடுத்துவிட்டு, தட்டத்தில் கழுவிக் காய்ந்த சிறு கற்களைப் போட்டு வைத்தா. பூனை அதில் பெய்ததைச் சரித்து எடுத்தா. தன்ரை மூத்திரம் பார்க்கிற கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை விட்டு, அதில் சில துளி விட்டுச் சூடாக்கினா. சீனி இல்லாவிட்டால் மருந்து நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, பிறகு மஞ்சள். கூடிப்போனால் செங்கல் நிறம். அன்றைக்குக் குழாயில் செங்கல்தான் நின்றது.

ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. "பூனைக்குச் சீனி வருத்தமோ? இனிக் கோழிக்குப் பிரஷர் எண்டும் சொல்லுவியள்" என்றார் சவிரிமுத்து அண்ணை. அதோடு நிற்கவில்லை. "ஏனக்கா அதையும் வதைச்சு நீங்களும் வதைபடுறியள்? ஒரு சாக்கில போட்டுத் தாங்கோ. ஆழத்தில விட்டிட்டு வாறன்."

மச்சாள் தைத்த படங்கைக் கீழே வைத்தா. "எனக்கும் உந்த வருத்தம்தான், சவிரிமுத்து. எனக்கு எத்தினை முழச் சாக்கு வேணும் எண்டு அளந்திட்டுப் போ."

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கினது, இது பூனைக்காக மட்டும் நடக்கிற சண்டை இல்லை என்று.

பூனையைக் கடகத்தில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். நல்ல மனிசன். "எனக்கு மாடும் ஆடும்தான் பழக்கம் அம்மா. பூனைக்கும் இன்சுலின் போடலாம் எண்டு வாசிச்சிருக்கிறன். ரெண்டு பேருமாய்ச் செய்து பாப்பம். ஆனால் உங்கட அளவு இதுக்கு ஏலாது. மிச்சம் சின்னனாய்த் தொடங்க வேணும்" என்றார். தனியாக ஒரு இன்சுலின் போத்தலுக்குத் துண்டு எழுதித் தந்தார். ஊசிக் குழலில் காலமை ஒரு கோடு, பின்னேரம் ஒரு கோடு.

போத்தல் குளிர்ச்சிக்காக ஈரமணல் பானைக்குள் இருக்கும். கண்ணாடி ஊசியை நான் அவித்துக் கொடுப்பேன். மச்சாள் முதலில் மீனைப் போடுவா. பூனை குனிந்து தின்னத் தொடங்கியதும் பிடரித் தோலை மெல்லத் தூக்கி ஊசியைப் போடுவா. அது தலை நிமிர்த்தாது. கடல் கொந்தளித்து வள்ளம் போகாத நாளில் அது சோற்றை மணந்துவிட்டுத் திரும்பிப் போகும். அப்போது மச்சாள் ஊசியைத் திருப்பி வைத்துவிட்டு மழையில் ஜெற்றிக்குப் போய்த் தூண்டில் போட்டு ஒரு மீனோடுதான் வருவா. "முதல் வாய், பிறகு ஊசி. தின்னாத உடம்பில ஊசி போட்டால் இருக்கிற கொஞ்சச் சீனியையும் அது உறிஞ்சிப்போடும்" என்பா.

எவ்வளவு செய்தும் குழாய் செங்கல் நிறத்தை விட்டு இறங்கவில்லை. வைத்தியர் இரண்டு கோடாக்கினார். பிறகு மூன்றாக்கினார். அப்போதும் அதே செங்கல். மச்சாளின் முகம் அந்த நாட்களில் பார்க்க ஏலாது. "எங்கேயோ சீனி உள்ளே போகுது" என்று ஒரு பின்னேரம் பூனைக்குப் பின்னால் நடந்தா. நானும் போனேன். கால் தேய்த்து நடக்கிற பூனையைப் பின்தொடர என்ன கஷ்டம்? அது நேரே பாத்தும்மா ராத்தாவின் குசினிக்குள் போனது. ராத்தா கிண்ணியாவில் இருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவ, எங்கட எதிர்வீடு. கோப்பையில் பால் ஊற்றி வைத்துக்கொண்டு பூனையைப் பார்த்தபடி இருந்தா.

"ராத்தா, என்ன இது?" என்று கேட்டா மச்சாள்.

"பாவம் புள்ள, வாயில்லாச் சீவன். நீ ரெண்டு நேரமும் ஊசியால குத்துறாய். ஒரு வாய்ப் பாலாவது குடிக்கட்டும்."

"சீனி போட்டோ?"

"பின்ன? சீனி போடாமக் குடுக்கிறதா? அதுவும் உன்ட சீனிதானே!"

உண்மைதான். கூப்பனுக்குத்தான் சீனி கிடைத்த காலம் அது. மச்சாளுக்குச் சீனி ஆகாது என்பதால் தன்ரை பங்கை ஒழுங்கைக்குப் பிரித்துக் கொடுப்பா. வாங்கினவர்களுக்கு அவவுக்குத் திருப்பி ஏதாவது செய்ய ஆசை. அவவுக்குக் கொடுக்க ஏலாது. எனவே ஒருவருக்கும் சொல்லாமல், ஒவ்வொரு வீடும் அவவின் பூனைக்குக் கொடுத்திருக்கிறது. கப்பித்தான் வீடு வீடாகப் போய் மச்சாளின் கூப்பன் சீனியைக் குடித்துவிட்டு ஊசிக்கு வந்திருக்கிறது.

மச்சாள் அந்தக் குசினி நிலத்திலேயே இருந்து கண்ணீர் வரச் சிரித்தா. பிறகு எழும்பி ஒவ்வொரு படலையாகத் தட்டினா. "நான் தந்த சீனியை நீங்களே தின்னுங்கோ. என்ரை பிள்ளைக்கு ஒரு நுள்ளும் வேண்டாம்." எல்லாரும் சத்தியம் பண்ணினார்கள். ராத்தா தலையில் அடித்துப் பண்ணினா.

சீனி நின்றது. ஊசி மட்டும் மூன்று கோட்டிலேயே நின்றது. அதை ஒருவரும் யோசிக்கவில்லை, மச்சாளும் யோசிக்கவில்லை.

சில நாளில் ஒரு மத்தியானம் கப்பித்தான் கிணற்றடியில் வெறிகாரனைப் போல ஆடியது. தலை நடுங்கியது. பிறகு சாய்ந்து விழுந்தது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. நான் போட்ட கூச்சலில் மச்சாள் ஜெற்றியில் இருந்து ஓடி வந்தா. ஒரு பார்வைதான் பார்த்தா. "சீனி இறங்கிட்டுது! சீனி கொண்டாங்கோ!"

ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் சத்தியம் பண்ணினவர்கள்.

"குடுக்க மாட்டன் எண்டு சத்தியம் பண்ணினனான், புள்ள!" என்று ராத்தா கையைப் பிசைந்தா.

"சத்தியம் கிடக்கட்டும் ராத்தா! சீனியைக் கொண்டா!"

அதற்குப் பிறகு வந்ததே சீனி! கோப்பையில், கரண்டியில், சிரட்டையில். சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த சீனி அவ்வளவும் கிணற்றடிக்கு வந்தது. முதலில் வந்தது ஆர் தெரியுமோ? சாக்குக் கேட்ட சவிரிமுத்து அண்ணை. உள்ளங்கையில் சீனியைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். மச்சாள் அதைத் தண்ணீரில் குழைத்து, தொண்டைக்குள் ஊற்றாமல், விரலால் தொட்டுத் தொட்டுப் பல் முரசில் தேய்த்தா. "வா ராசா, வா" என்றபடியே தேய்த்தா. கப்பித்தான் நாக்கை நீட்டி அவவின் விரலை நக்கினது. பிறகு தலையைத் தூக்கினது. உடனே மீன் கொடுத்தோம். தின்றது. சவிரிமுத்து அண்ணை சீனி ஒட்டின கையைக் கிணற்றடியில் கழுவினார்.

மச்சாள் அன்றைக்கே வைத்தியரிடம் போனா. "நீங்கள் சீனியை நிப்பாட்டினியள், நான் ஊசியைக் குறைக்கேல்லை" என்று பிறகு எங்களுக்குச் சொன்னா. அதுக்குப் பிறகு அவவின் வாயில் இதுதான் சட்டம்: "கூட்டுறதெண்டால் ஆறுதலாய்க் கூட்டு. குறைக்கிறதெண்டால் உடனே குறை."

மறுநாள் காலமை வைத்தியர் சொன்னபடி ஊசி இல்லை. பிறகு திரும்பவும் ஒரு கோடு. குழாய் மஞ்சளுக்கு வந்தது. பச்சைக்கு வந்தது. ஒரு விடியற்காலை மச்சாள் குழாயைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடினா. "நீலம்! நீலம்!"

எதிர்வீட்டு யன்னல் திறந்தது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்றா ராத்தா.

கால்கள் மெல்ல மெல்ல நிமிர்ந்தன. முதலில் கதிரை ஏறினது, பிறகு மேசை. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் சவிரிமுத்து அண்ணை கத்திக்கொண்டு வந்தார். "அக்கா! உங்கட கள்ளன் என்ரை பாரைமீனைத் தூக்கிக்கொண்டு..." என்று தொடங்கினவர் நடுவில் நின்றுவிட்டார். முகம் மாறினது. "அக்கா... மதில் ஏறிட்டான்! கோயில் மதில் ஏறிட்டான்!"

"எந்த மதில்? ஒழுங்காய்க் காட்டு!" என்றா மச்சாள். அவர் கையை உயர்த்திக் காட்டினார். நாங்கள் எல்லாரும் போய்ப் பார்த்தோம். கோயில் மதிலின் உச்சியில் கப்பித்தான் நாலு பாதத்திலும் நிமிர்ந்து நின்று பாரைமீனைத் தின்றுகொண்டிருந்தது. களவெடுத்த பூனைக்கு ஒரு ஒழுங்கையே கைதட்டினதை நான் அன்றைக்குத்தான் கண்டனான். மீனைப் பறிகொடுத்த மனிசன்தான் எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினார்.

கொஞ்சக் காலத்தில் ஊசியே தேவையில்லை என்றார் வைத்தியர். ஊசி இல்லாமலும் குழாய் நீலமாகவே நின்றது. கப்பித்தான் கிழமாகி, கடைசியில் தன்ரை படங்குக் குவியலிலேயே நித்திரையில் போனது.

அதற்குப் பிறகும் மச்சாள் கத்துவதை விடவில்லை. காலமையில் தன்ரை குழாய் நீலமாக நின்றால் படலையடியில் நின்று கத்துவா. எனக்கும் சீனி வருத்தம் என்று தெரிந்த அன்று நான் கட்டிலில் விழுந்து அழுதபோது, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினா. "எழும்பு. இது சாகிற வருத்தமில்லை அன்னம், பார்க்கிற வருத்தம்."

அவவின் தையல் மெசினை என்ரை மகள் எடுத்துக்கொள்ளட்டும். செபமாலை அவவோடேயே போய்விட்டது. எனக்கு வேண்டியதை அவ முன்னமே தந்துவிட்டா: முதல் வாய், பிறகு ஊசி. அந்த ஒழுங்கும், அந்தக் குழாயும், அந்தக் கத்தலும் எனக்கு.

அடக்கம் முடிந்த மறுநாள் காலமை அவவின் குசினியில் என் குழாயைச் சூடாக்கினேன். நீலம். படலையடிக்குப் போனேன். துக்க வீட்டில் கத்துகிறாளே என்று ஆரும் சொல்வார்களோ என்று இருந்தது. என்றாலும் கத்தினேன்.

"நீலம்!"

பிறகு எதிர்வீட்டு யன்னல் திறந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றா ராத்தா, அழுத குரலில். "நிண்டு அழாம முதல்ல போய்ச் சாப்பிடு, புள்ள!"

போய்ச் சாப்பிட்டேன். பிறகு ஊசி போட்டேன்.